கடைசிப் பத்தியில் முதல் வரி

ஹதிர் மாதம் 4

இன்றைக்கும் மதியம் பவுசிரிஸ் வந்தார். பெட்டியைத் திறந்தார், என் அப்பாவின் பாப்பிரஸ் புத்தகச் சுருள் ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் என்றைக்கு இருந்தது? செத்துப்போன என் புருஷனின் அண்ணன், சட்டப்படி என் காப்பாளர், குளியல்கூடத்து வாசிப்புக் கூட்டத்தில் பெரிய மனுஷன். அப்பா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த புத்தகங்களை அங்கே ஈரத்தலையோடு உட்கார்ந்து எள் பணியாரம் தின்றபடி கேட்கிறார்களாம். அந்த அறைக்குள் நான் நுழையக் கூடாது. என் புத்தகம் மட்டும் நுழையலாம்.

இந்தத் தாளும் என் புருஷன் எப்போதோ போட்ட மனுதான். பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் எழுதுகிறேன். வீட்டில் வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பது ஒரு நிம்மதி.

ஹதிர் 6

சுருள் திரும்பி வந்தது. எண்ணெய்க் கறை இரண்டு.

ஹதிர் 9

வாய்க்காலில் துணி அலசும்போது ஓரகத்தி தெதோவிஸ்தான் சொன்னாள், பவுசிரிஸின் பெண்டாட்டி. சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

"உனக்குத் தெரியாதா? தறிக்கொட்டகையை விக்கப் பேசி முடிச்சாச்சு. எழுதுறதெல்லாம் அவரே எழுதிடுவாரு. நீ வந்து பக்கத்துல நின்னா போதும்."

"அது என் கொட்டகை, அக்கா. என் புருஷன் எனக்கு எழுதி வச்சது."

"இருக்கட்டுமே. எழுத்து தெரியாத பொம்பளை பேர்ல எது இருந்தா என்ன?"

கையில் இருந்த ஈரத்துணியை அவள் மூஞ்சியில் வீசியிருக்கலாம். வீசவில்லை. மூன்று தறி. அதை நம்பி மூன்று பிள்ளைகள். கொட்டகை போனால் நான் அவர் வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

எழுத்து தெரியாத பொம்பளை! இதற்கு நானேதான் காரணம். ஐந்து வருஷத்துக்கு முன், என் புருஷன் செத்து எழுபது நாள்கூட ஆகாதபோது, ஆவண அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். தெருவிலிருக்கும் எழுத்தர் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார். கடைசி வாக்கியம் மட்டும் பாக்கி. பவுசிரிஸ் குனிந்து எழுதினார்: 'அவளுக்கு எழுத்து தெரியாததால் நான், பவுசிரிஸ், அவளுக்காக எழுதினேன்.' எதிரே நின்ற நான் தலைகீழாகவே அதை வாசித்துவிட்டேன். வாயைத் திறந்தேன். "எழுத்து தெரியும்னு சொன்னா சோதிச்சுப் பாக்கணும்னு நாலு நாள் அலையவிடுவாங்க. சும்மா இரு" என்றார். சும்மா இருந்தேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஹதிர் 12

மனு கொடுத்துவிட்டேன். மூன்று பிள்ளை பெற்ற பெண் காப்பாளர் இல்லாமல் தன் காரியத்தைத் தானே பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறது. கூடவே 'எனக்கு நன்றாக எழுதப் படிக்கத் தெரியும்' என்று ஒரு வரி சேர்த்தேன். என் கையாலேயே எழுதினேன். கொஞ்சம் திமிரோடுதான் எழுதினேன்.

அந்தத் திமிர்தான் வினையாகிவிட்டது. குமாஸ்தா உள்ளே போய்ப் பழைய தாளைத் தேடி எடுத்து வந்தார்.

"ஏம்மா, இதுல எழுத்து தெரியாதுன்னு இருக்கு. அன்னிக்குப் பொய்யா, இன்னிக்குப் பொய்யா?"

இரண்டு தாளையும் என் முன்னால் அருகருகே வைத்தார்.

"மூணு பிள்ளை சரிதான். ஆனா மனுவுல ஒரு வரி பொய்யின்னு காப்பாளர் ஆட்சேபிச்சா மொத்தமும் தள்ளுபடி. ஊர்ல எழுத்து தெரிஞ்ச பெரியவங்க யாரையாவது சாட்சி சொல்லச் சொல்லுங்க. அதோ, குளியல்கூடத்துல வாசிக்கிறாங்களே."

எங்கே போகக் கூடாதோ அங்கே.

ஹதிர் 13

கூட்டத்தின் தலைவர் புளூட்டியோன் வீட்டு வாசலில் காலைப்பொழுதில் பாதி நேரம் நின்றேன். அவர் பேசியதைக் கேட்டு ரத்தம் கொதித்தது.

"உங்கப்பன் வாசிச்சதைக் கேட்டு நீ மனப்பாடம் பண்ணியிருப்பே. கிளிகூடத்தான் பேசுது. அதுக்குப் பேரு படிப்பா?"

"நான் பாக்காத சுருள் ஒண்ணு குடுங்க ஐயா. உங்க முன்னாடியே வாசிக்கிறேன்."

சிரித்தார். "எங்க ஆளுங்க சிரிச்சு ரொம்ப நாளாச்சு. வா, பதினேழாம் தேதி வா."

ஹதிர் 14

பவுசிரிஸ் முற்றத்தில் நின்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "என் தம்பி பேரைக் கெடுக்கவா ஆம்பளைங்க கூட்டத்துல போய் உக்காரப் போறே? வாசிச்சுக் கிழிச்சிடுவியோ?" நான் தறியை விட்டு எழவில்லை. இரண்டு இழை அறுந்ததுதான் மிச்சம்.

ஹதிர் 17

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஆத்திரத்தில் எதையாவது விட்டுவிடுவேன்.

குளியல்கூடத்து அறையில் பன்னிரண்டு ஆண்கள், பவுசிரிஸையும் சேர்த்து. ஒருவர்கூடப் புத்தகத்தைத் தொடவில்லை. கூலிக்கு வாசிக்கும் எபிமாக்கோஸ் என்ற நடுவயதுக்காரர் இருக்கிறார். இருமிக்கொண்டே இருப்பார். அவர் வாசிக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு அபிப்பிராயம் சொல்கிறார்கள். இதற்குப் பெயர் வாசிப்புக் கூட்டம்! காது இருந்தால் போதும், கழுதையும் உறுப்பினராகலாம்.

எனக்குக் கொடுத்தது ஒரு பழைய கடல்பயணக் கதை. சின்னச் சுருள். நான் பார்த்ததே இல்லை, அவர்களோ பத்துப் பதினைந்து முறை கேட்டது. கிரேக்க எழுத்து, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எறும்பு வரிசை மாதிரி ஓடுகிறது. எங்கே வெட்டி எங்கே சேர்ப்பது என்று கண் முன்னால் ஓட வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். இரண்டாம் பத்தியில் தடுக்கினேன். யாரோ கனைத்தார்கள். நான்காம் பத்தியில் மறுபடி. அதற்கப்புறம் தடுக்கவில்லை. வலது கையில் சுருள் மெலிந்துகொண்டே வந்தது, இடது கையில் தடித்துக்கொண்டே போனது. கடைசிப் பத்தி, அதன் கீழே புத்தகத்தின் பெயர், அதற்கடியில் எழுதியவன் போட்ட சின்ன வாத்துப் படம். முடித்தேன்.

புளூட்டியோன் கண்ணைத் திறக்கவே இல்லை.

பவுசிரிஸ் எழுந்தார். "ஆரம்பமே தப்பு. முதல் வரியையே கொலை பண்ணிட்டா. குடு இங்கே!" என்று என் கையிலிருந்து சுருளை அப்படியே பிடுங்கினார். கணீரென்று, அழகாக, ஒரு பிழை இல்லாமல் வாசித்தார்: "காற்று ஓய்ந்த மூன்றாம் நாளில் எங்களுக்குக் கரை தெரிந்தது..." முதல் நான்கு வரி.

நான் சுருளைத் திருப்பிச் சுற்றவே இல்லை. அவர் கண்ணுக்கு முன்னால் விரிந்திருந்தது கடைசிப் பத்தி. அவர் விரல் வாத்தின் மேல் இருந்தது.

எபிமாக்கோஸ் இருமலை அடக்க முடியாமல் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்?

"கேட்டியா? இதுதான் வாசிப்பு" என்றார் புளூட்டியோன். சாட்சி சொல்ல மாட்டார்களாம்.

நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. ஆனால் இந்த முறை சும்மா இருந்தது பயந்து அல்ல. அந்த அறையில் சொன்னால் ஒரு சிரிப்போடு போய்விடும். அலுவலகத்தில் நடந்தால் தாளில் ஏறும்.

ஹதிர் 18

வீட்டில் அவர் எனக்காக எழுதிய ஆவணங்கள் நான்கு இருக்கின்றன. நான்கிலும் அவர் கையெழுத்து அந்த ஒரே வாக்கியம். எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கின்றன, ஒரே அளவு, ஒரே சாய்வு. இத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே. பூ வேலைக்காரி ஒரே பூவை ஆயிரம் தடவை தைப்பது மாதிரி ஒரு வாக்கியத்தைப் பழகி வைத்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டுதான் பத்து வருஷமாக இந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரையும் எழுத்து தெரியாதவர்கள் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதில் பொய்யாக எழுதப்பட்டவள் நான் ஒருத்திதான். அந்தப் பெண்களுக்கு நிஜமாகவே தெரியாது. அவருக்கும் தெரியாது.

ஹதிர் 21

பவுசிரிஸ் அலுவலகத்துக்கு ஆட்சேபம் சொல்ல வந்தார், புது மேலாடை போட்டுக்கொண்டு. "மனப்பாடம்யா. அந்த மனுவையும் எவனோ எழுதிக் குடுத்திருக்கான், இவ பாத்து வரைஞ்சிருக்கா" என்றார்.

"அப்போ ரெண்டு பேரும் உங்க முன்னாடியே ஆளுக்கு ஒரு வரி எழுதுறோம்" என்றேன் குமாஸ்தாவிடம். "உங்க பேரு, அப்பா பேரு, தொழில். அவ்வளவுதான் மச்சான். எனக்கு ஒரு தாள், உங்களுக்கு ஒரு தாள்."

என் தாளை மூச்சு விடுவதற்குள் எழுதிக் கொடுத்தேன். அவர் கை வலிக்கிறது என்றார். வெளிச்சம் போதாது என்றார். குமாஸ்தா தாளை வெயில் விழும் இடத்தில் நகர்த்தி வைத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கு நுனி வெளியே தெரிய, எழுதி முடித்தார்.

குமாஸ்தா உரக்க வாசித்தார்: "அவளுக்கு எழுத்து தெரியாததால் நான், பவுசிரிஸ், அவளுக்காக எழுதினேன்." நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குய்யா தெரியாததால்? உன் அப்பா பேரைத்தானே எழுதச் சொன்னது?"

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், தேனாக இனித்தது. அவர் காது மடல் சிவந்ததை வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஹதிர் 22

தெதோவிஸ் வாய்க்காலுக்கு வரவில்லை.

ஹதிர் 26

புளூட்டியோனிடமிருந்து ஆள். பவுசிரிஸைக் கூட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்களாம், அவர்களுக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாம். இருந்ததாம்! "உங்கப்பா பெட்டி மட்டும் வழக்கம்போல வரட்டும்னு ஐயா சொன்னாரு."

"வாசிக்கிறவ வந்தாத்தான் பெட்டி வரும்னு உங்க ஐயாகிட்ட சொல்லு. அப்படியே மிச்சமிருக்கிற பதினோரு பேரையும் ஆளுக்கு ஒரு வரி எழுதிக் காட்டச் சொல்லு." 

பதில் வரவில்லை. வராது.

கோயாக் மாதம் 11

உத்தரவு வந்தது. இனி எனக்குக் காப்பாளர் கிடையாது. கொட்டகை விற்பனை ரத்து. பிள்ளைகளுக்கு உப்புமீன் வாங்கினேன். மூத்தவள் எதற்கென்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

மெகிர் மாதம் 3

காலையில் வாசலில் நிழல். பவுசிரிஸ். "உள்ள வரலாமா?" என்றார். இந்த வீட்டில் அவர் அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

கையில் ஒரு தாள். ஆளி விதைக்க ஒரு வயலைக் குத்தகைக்கு எடுக்கிறார். தெரு எழுத்தர் எல்லாவற்றையும் எழுதிவிட்டார், கடைசி வாக்கியத்துக்கு ஆள் வேண்டும். மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார். மூன்று பேரும் சிரித்திருக்கிறார்கள். "நீயே எழுதிக்கோயேன், உனக்குத்தான் ஒரு வாக்கியம் தெரியுமே" என்றார்களாம். இளைத்துப்போயிருந்தார். மேலாடை பழையது.

கெஞ்சட்டும் என்று தறியில் இன்னும் இரண்டு இழை ஓட்டினேன். அவர் கெஞ்சவில்லை, தறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. எழுதுகோலை எடுத்தேன்.

இந்த இடத்தில் எழுத இரண்டு விதம் உண்டு. எழுத்தே தெரியாதவனுக்கு 'எழுத்து தெரியாததால்'. திக்கித் திணறியாவது தன் பெயரைப் போடுகிறவனுக்கு 'மெதுவாக எழுதுகிறவர் என்பதால்'. நிலத்துச் சொந்தக்காரன் முதல் அலுவலகக் குமாஸ்தா வரை அதை வைத்துத்தான் ஆளை எடைபோடுவார்கள். ஒரு வரி எழுதிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன எழுதியிருக்கே?"

"எழுத்து தெரியாதவர்னு எழுதியிருக்கேன் மச்சான்."

தலையை ஆட்டினார். "சரிதான்" என்றார். மை காய ஊதினார், சுருட்டினார், அதே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் எழுதியது மற்றதை. மெதுவாக எழுதுகிறவர். யோசித்தால் பொய்யும் இல்லை, அந்த ஒரு வாக்கியத்தை அவர் மெதுவாகத்தானே எழுதினார். ஊரில் யார் அந்தத் தாளைப் பார்த்தாலும் அப்படித்தான் வாசிப்பார்கள். அவர் ஒருவர்தான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு திரிவார்.

யாராவது வாசித்துச் சொன்னால் தெரிந்துகொள்ளட்டும். நான் சொல்ல மாட்டேன்.