ஒன்பது நாள் தங்கியவர் கேட்காத கேள்வி

என் பிரியமுள்ள என்னங்க,

முப்பத்தெட்டு வருஷம் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதவள், ஊரறிய எழுதும் கடிதத்தில் மட்டும் எப்படிச் சொல்வேன்? இப்படியே இருக்கட்டும். உங்கள் உயிர்ச் சிநேகிதர் வந்துவிட்டுப் போனார். அந்த அழகைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தனபால்தான். பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் உங்களோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, ஒரே லாரியில் பள்ளிக்கூடம் போனவர். லண்டனுக்குப் போனதில் டேனி ஆகிவிட்டார். அவரும் மனைவி லலிதாவும் மூன்று மாத உலகச் சுற்றுலாவில் இருக்கிறார்களாம். துபாய், இந்தியா, பாலி எல்லாம் முடிந்துவிட்டது, ஆஸ்திரேலியா பாக்கி. நடுவில் காலை நீட்டிப் படுக்க ஓர் இடம் வேண்டும். ஈப்போவில் ஓட்டலுக்கா பஞ்சம்? ஆனால் நம் வீடு சும்மாதானே கிடக்கிறது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அது தெரிந்துதான் வந்தார்கள். வாசலில் டாக்சி நின்றதும் நான் கூடத்தில் பாயை விரித்தேன். சாவுக்கு வர முடியாதவர்கள் எத்தனை மாதம் கழித்து வந்தாலும் முதலில் உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் நான் வாய் திறப்பேன். அழுது முடித்துத்தான் தண்ணீரும் சோறும். கேட்காதவர்களிடம் நானாகப் போய் உங்கள் சாவைச் சொல்வதா? அது கையேந்துகிற மாதிரி இல்லையா?

டேனி உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார். "பெனாட்லா அண்ணி. ஏர்போர்ட் ஏர்போர்ட்டா சுத்தி ஒடம்பே போச்சு," என்றார். லலிதா ஒரு சாக்லெட் பெட்டியை என் கையில் திணித்தாள். வருஷம் திரும்பாத வீட்டுக்கு இனிப்பு! அடுத்ததாக வைஃபை பாஸ்வேர்ட் கேட்டார்கள். நான் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன்.

ஒன்பது நாள். காலை பத்து மணிக்கு எழுந்திருப்பது, கோப்பி குடிப்பது, மறுபடியும் ஏர்கானைப் போட்டுக்கொண்டு படுப்பது. எத்தனை ஊர் அழுக்கோ, என் வாஷிங் மெஷின் ஓயவே இல்லை. "இந்த டிரிப்லயே இங்கதான் அண்ணி நல்லா தூங்கினோம்," என்று எனக்குப் பாராட்டு வேறு. நான் எட்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

மூன்றாம் நாள் நான் பாசாருக்குப் போய்விட்டுத் திரும்பினால், உங்கள் படத்துக்கு முன்னால் இருக்கும் சின்ன விளக்கு அணைந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் போனைச் சார்ஜில் போட்டிருந்தார் மகராசன். படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரோட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். நான் போனைக் கழற்றி அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஓ, சோரி அண்ணி," என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

பிறகு ஒருநாள் தோட்டத்தைப் பார்க்கப் போனார்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு எவ்வளவோ காலமாகிறது. லயம் இருந்த இடத்தில் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு நின்று, "என் வேர்களைத் தேடி" என்று ஃபேஸ்புக்கில் படம் போட்டார். அந்த வேரில் பாதி இங்கே மாலையோடு சுவரில் தொங்குகிறது. இதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை.

நான் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து வீடியோவில் அவரைக் கூப்பிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்ததும், லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை முறை அடித்தும் எடுக்கவே இல்லை. கடைசியில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் பயந்தாங்கொள்ளி. எப்படியும் ஒருநாள் வருவான். எனக்கு அவன்மேல கோவம் இல்லேன்னு சொல்லிடு," என்றீர்கள். அதற்கு மறுநாள் உங்களுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அவர் கேட்டால் போதும், சொல்லிவிடலாம் என்று ஒன்பது நாளும் காத்திருந்தேன். சோறு போடும்போது, துணி மடித்துக் கொடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் அவர் வாயையே பார்த்தேன்.

புறப்படும் நாளன்று பெட்டிகளெல்லாம் டாக்சியில் ஏறியாயிற்று. லலிதா உள்ளே உட்கார்ந்துவிட்டாள். டேனி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் தடவையாக உள்ளே திரும்பி உங்கள் படத்தைப் பார்த்தார்.

"அண்ணி... அவன்..."

"சொல்லுங்க தம்பி," என்றேன்.

"இல்ல... பாத்ரூம் ஹீட்டர ஆஃப் பண்ணேனான்னு ஞாபகம் இல்ல. கொஞ்சம் பாத்துருங்க."

பார்த்தேன். ஆஃப் பண்ணித்தான் இருந்தது. திரும்பி வருவதற்குள் டாக்சி போய்விட்டது. இவரையா நீங்கள் வாழ்நாளெல்லாம் "என் தனபாலு" என்று கொண்டாடினீர்கள்?

அவரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் என் புத்தி என் பக்கம் திரும்பியது. அவர் பயந்தாங்கொள்ளி, சரி. எனக்கு என்ன வந்தது? நீங்கள் என்னிடம் கடைசியாகச் சொன்ன வேலை அது ஒன்றுதான். கேட்டால்தான் சொல்வேன் என்று முறை பேசிக்கொண்டு, உங்கள் வார்த்தையை இடுப்பில் முடிந்து வைத்துக்கொண்டேன். அவர் கேட்காதது எனக்கு உள்ளூரச் சௌகரியமாகக்கூட இருந்தது. உங்கள் மன்னிப்பு அவருக்குக் கிடைக்கக் கூடாது என்றே நினைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

நேற்று மெல்பர்னிலிருந்து வாட்ஸ்அப் வந்திருக்கிறது. திரும்பி வரும்போது இன்னும் ரெண்டு நாள் இங்கே ரெஸ்ட் எடுப்பார்களாம். வரட்டும். இந்த முறை அவர் கேட்பதற்காகக் காத்திருக்க மாட்டேன். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே உங்கள் படத்துக்கு எதிரில் உட்கார வைத்து, உங்களுக்குக் கோபம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், சத்தியம். எனக்குக் கோபம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்வேன். அப்புறம் சோறு போடுகிறேன்.

இப்படிக்கு,
சொன்ன வேலையை இன்னும் முடிக்காத
உங்கள் பெண்டாட்டி
ராசம்மா