பார்க்கும்போது அறாத இணைப்பு

செவ்வாய்

சர்வர் இணைப்பு அடிக்கடி அறுந்ததற்கு, டெக்னீஷியன் பிந்து போட்ட கேபிளைத்தான் மூன்று நாளாகக் குறை சொன்னேன். அவளும் முகம் சுளிக்காமல் இரண்டு தடவை மாற்றினாள். விநாடிக்கு ஒரு தடவை சர்வரைக் கூப்பிடும் பிங்கை ஓடவிட்டுக் காவல் இருந்தால் அறாது. நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் அறுந்துவிடும்.

“சாரே, நீங்க கூப்பிட்டுட்டே இருந்தா அது எப்பிடி உறங்கும்?” என்றாள் இன்று.

அப்போதுதான் உறைத்தது. சும்மா இருக்கும் நெட்வொர்க் கார்டை உறங்க வைத்தது, போன வாரம் நானே போட்ட ஓஎஸ் அப்டேட். அதை எடுத்தேன், சரியாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

“போட்டும் சாரே, கேபிள் புதுசாச்சில்லே.”

அவளைக் குறை சொல்லி மேனேஜருக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த மெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில், கழக்கூட்டம் ஜங்ஷன் நெரிசலில் பஸ் நின்றபோது அதை அழித்தேன். சர்வரை எட்டிப் பார்க்கவே தோன்றவில்லை.