ஐயம்பேட்டைக்குப் போன கேக்

என் பெண்ணுக்கு மாமியாராக வந்து எனக்குத் தோழியாகிப் போன அன்புச் சம்பந்தியம்மா,

நலம் விசாரித்துத் தொடங்குவது கடித வழக்கம். உங்களிடம் எப்படிக் கேட்பது? கேட்டாலும், "இங்க காப்பி சரியில்லமா" என்றுதான் பதில் வரும்.

நம் பிள்ளைகள் கனடாவில் சௌக்கியம். அவர்கள் விட்டுப்போன ஓவன் என் சமையலறையில் சௌக்கியம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அறுபதாம் கல்யாணம் என்று காஞ்சிபுரத்தில் இப்போது எல்லாவற்றுக்கும் கேக் வெட்டுகிறார்கள். உங்கள் காரியத்துக்கு மட்டும்தான் யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. நீங்கள் இருந்திருந்தால் அதையும் ஒரு குறையாகச் சொல்லியிருப்பீர்கள்.

குறை சொல்வதில் உங்களுக்கு நிகர் யார்? நம் பிள்ளைகள் கல்யாணத்தில், பாயசத்தில் முந்திரி இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். என் வீட்டுக்காரர் பயந்துபோய், சமையல்காரருக்குக் கூலியைக் குறைத்துவிடுகிறேன் என்றார். உங்கள் முகம் இன்னும் கோணிற்று. கடைசியில் நான் ஒரு டம்ளர் பாயசத்தோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குடித்துப் பார்த்துவிட்டு, "ஆமாம், இல்லதான்" என்றேன். அப்போதுதான் நாம் சம்பந்தி ஆனோம். தாலி கட்டியது அதற்கு முன்னால் நடந்த ஒரு சின்ன நிகழ்ச்சி.

பிறகு அந்த ஓவனை வைத்து நாம் கேக் தொழில் தொடங்கியபோது, நான் மாவு கலக்கினேன். வாடிக்கையாளர் போன் உங்கள் கைக்குப் போனது. மாப்பிள்ளை வீட்டுக்காரராக இருந்தவர் என்பதால், குறை சொல்கிறவர் மனசு உங்களுக்கு அத்துப்படி. கேக் வேகவில்லை, கிரீம் உருகிவிட்டது, குழந்தையின் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம் என்று யார் கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்: "ஒரு துண்டு வச்சிருங்கமா, நான் வந்துக்கினே இருக்கேன்."

ஷேர் ஆட்டோ ஏறிப் போவீர்கள். அவர்கள் கண்ணெதிரே அந்தத் துண்டைச் சாப்பிடுவீர்கள். அதற்கப்புறம்தான் பணத்தைப் பற்றிய பேச்சு. பெரும்பாலும் அந்தப் பேச்சு வராது. மருமகள்களைப் பற்றிய பேச்சு வந்துவிடும்.

"போன்லயே பணத்த திருப்பி அனுப்பிட்டா வேல முடிஞ்சுதே" என்று ஒருமுறை கேட்டேன். "அது 'எழுந்து போ'ன்னு சொல்றா மாதிரிமா. அவங்க நம்மகிட்ட பேச வராங்க, நாம காச குடுத்து கதவ சாத்தறோம்" என்றீர்கள்.

நீங்கள் போனதிலிருந்து நான் கதவைத்தான் சாத்திக்கொண்டிருக்கிறேன். யார் எழுதினாலும், படித்து முடிப்பதற்குள் பணம் போய்விடும். 'இனிப்பு கொஞ்சம் கம்மி, ஆனா சூப்பர்' என்று பாராட்டிய ஒருவருக்கும் அனுப்பிவிட்டேன். அவர் பதறிப்போய், நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று கேட்டார். எல்லாச் செய்தியும் 'அக்கா' என்று உங்களைக் கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. அதற்கு நான் என்ன பதில் எழுத?

போன வாரம் பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்து தனலட்சுமி கேக் சரியில்லை என்று எழுதினாள். வழக்கம்போல் பணம் அனுப்பினேன். அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்தது. கூடவே அவள் குரல்: "காசு யாருக்கு வேணும்? அக்காவ வரச் சொல்லுங்க. கோயில் இட்லில போடறத கேக்குல போட்டு வச்சிருக்கறீங்க. வூடு பூரா மொளகு வாசன!"

எழுந்து போய் அலமாரியைப் பார்த்தேன். கேக்கில் போட வேண்டிய பட்டைப் பொடி டப்பா நிரம்ப இருந்தது. அதே மாதிரி இன்னொரு டப்பா, காலி. இட்லிக்காக மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து நீங்கள் இடித்துக் கொடுத்த பொடி. உங்கள் கையால் இடித்ததில் மிஞ்சியது அவ்வளவுதான். தீர்ந்துவிடுமே என்று நான் இட்லி செய்வதையே விட்டிருந்தேன். சளியில் மூக்கு வேலை செய்யாத ஒரு நாளில், அத்தனையையும் வழித்துக் கேக்கில் போட்டு ஐயம்பேட்டைக்கு அனுப்பியிருக்கிறேன்.

குப்பையில் போட்டிருப்பார்களோ? தனலட்சுமியைக் கூப்பிட்டேன். "ஒரு துண்டு வச்சிருங்கமா" என்றேன். உடனே ஷேர் ஆட்டோ ஏறினேன்.

"அக்கா வரலயா?" என்றாள், வாசலிலேயே.

"தை மாசம் தவறிட்டாங்கமா."

அவள் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "போன தபா இதே நாற்காலில ஒக்காந்துக்கினு, சக்கர கம்மிதான்னு அவங்களே ஒத்துக்கினாங்க. அப்பறம் எம் மருமவள பத்தி பேசனாங்க பாரு... எனக்கு தோணாததெல்லாம் சொன்னாங்க."

உள்ளே தறிச் சத்தம் நின்றது. அவள் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "பொடவைல ஒரு இழ தப்பனா மொதலாளி கூலிய புடிக்கறாரு. கேக்குல மொளகு போட்டவங்களுக்கு நீ காப்பி போடறியா?"

"நீ நெய்யி. வாயால நெய்யாத" என்றாள் இவள்.

துண்டு வந்தது. முதலில் இனிப்பு. பிறகு மிளகு. அதன் பின்னால் லேசான கருகல். மிளகை எப்போதும் ஒரு பதம் அதிகமாகவே வறுப்பீர்கள். "கருகுது சம்பந்தியம்மா" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கேட்டீர்களா? கேட்காமல் போனீர்களே, நல்லதாகப் போயிற்று.

"கேக் சரியில்லதான்" என்று ஒத்துக்கொண்டேன். "மீதி இருக்குதா?"

"நாலு துண்டு இருக்குது. கோழிக்கு போடலாம்னு வச்சிருக்கறேன்."

"எனக்கு குடுத்துடுமா."

"காச திருப்பி கேக்கறவங்கள தெரியும். வித்தவங்களே சரக்க திருப்பி கேட்டு இன்னிக்குதான் பாக்கறேன்!"

பொடியைப் பற்றிச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய், மூன்று துண்டுகளைத் தூக்குச்சட்டியில் வைத்து மூடிக்கொண்டு வந்தாள். "ஒண்ணு இங்க இருக்கட்டும். அவங்க எங்க வூட்டுக்கும் வந்தவங்கதானே."

கோழிகளுக்கு அன்று ஏமாற்றம்.

மூன்று துண்டுகளும் இப்போது ஃப்ரீசரில் இருக்கின்றன. "கெட்டுப்போன கேக்க எதுக்குமா ஐஸ்ல வச்சிருக்க?" என்று வீடியோவில் கேட்கிறாள் உங்கள் மருமகள். நீங்களே சொல்லுங்கள், அவளுக்கு என்ன சொல்வது?

இனி எந்தக் குறைக்கும் விரலால் பணம் அனுப்பிக் கதவைச் சாத்த மாட்டேன். போவேன், உட்காருவேன், சாப்பிட்டுப் பார்ப்பேன். மருமகள் பேச்சு வந்தால், எனக்கு மருமகள் இல்லாததால் உங்கள் மருமகளைப் பற்றியே சொல்லிவைக்கிறேன். நான் பெற்ற பெண்தான், பரவாயில்லை. மிளகை ஒரு பதம் அதிகமாக வறுக்கவும் கற்றுக்கொள்கிறேன்.

உங்கள் பேரில் எனக்கும் ஒரு குறை உண்டு. சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டீர்கள். ஈடாக எதையும் அனுப்ப வேண்டாம், வாங்கிக்கொள்ள மாட்டேன்.

ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன், வாங்க.

உங்கள் மருமகளைப் பெற்ற,
கோமதி