மூன்று பிடி கருவேலங்காய்த் தூள்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்பு மகள் அபிநயாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நான் சுகம், அந்த நெதர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி திட்டத்தான் போகிறேன், உட்கார்ந்து படி. போனில் பேசினால் உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார், அதனால்தான் தபால்.

ஏண்டி, துவர்ப்புச் சத்து மாட்டு வயிற்றில் வாயுவைக் குறைக்கும், தீவனச் சத்து வீணாகாது, பால் கூடும் என்று நீ ஆராய்ச்சி பண்ணுவதெல்லாம் சரி, கருவேலங்காயைப் பொடித்துத் தினம் ஒரு பிடி போடச் சொன்னாயே, யார் கைப்பிடி என்று சொன்னாயா? உன் அப்பா கை முறம் மாதிரி. அதுவும் போதாமல், "மூணு பிடி போட்டா பாப்பாவுக்கு இன்னும் நல்ல ரிசல்ட்டு வரும்"னு அள்ளிப் போட்டிருக்கிறார். நான் கீழ்பென்னாத்தூரில் உன் பெரியம்மா வீட்டில் இருந்த பத்து நாளில் இந்தக் கூத்து. திரும்பி வந்து பார்த்தால் செவலை அசை போடவில்லை, சாணி கல்லாய் இறுகிக் கிடக்கிறது, ஒன்பது லிட்டர் கறந்த மாடு நாலு கறக்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் வண்டி நுழையாமல் கால்நடை டாக்டர் மெஹ்ஜபீன் நடந்தே வந்தார். "தோலைப் பதம் பண்ற சத்துமா இது, ஜாஸ்தியாப் போனா வயிறே வேலை செய்யாது, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மாடு போயிருக்கும்"னு சொன்னார். தூளை நிறுத்தி, மருந்து ஊற்றி, நேற்றுத்தான் அசை போட ஆரம்பித்தது.

அந்தப் பத்து நாளும் உனக்கு வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினார்? பத்து லிட்டர், பதினொரு லிட்டர், மாடு ஜம்முனு இருக்குது. அத்தனையும் பொய். கேட்டால், "புள்ள ஆசையா கேக்குது, கம்மின்னு எப்படி சொல்றது"ங்கிறார். நீ என்னடாவென்றால் அதைக் கருத்தரங்கில் காட்டப்போகிறேன் என்று குதிக்கிறாய். நாலு பேர் நம்பித் தங்கள் மாட்டுக்குப் போட்டால் அந்தப் பாவம் யாருக்கு? உன் அப்பாவிடம் கேட்டால் உனக்குப் பிடித்த பதில்தான் வரும் என்று படித்தவளுக்குத் தெரியாதா?

மாடு ஜம்முனு இருக்குது என்று எழுதிய அதே ஆள்தான் வாரா வாரம் போனில் "எனக்கு ஒண்ணும் இல்லமா" என்கிறார். வலது காலில் புண் வந்து இரண்டு மாதம் ஆகிறது, சர்க்கரையால் ஆறவே இல்லை, விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார், சொல்லிவிட்டேன்.

நல்லா இரு, வேளைக்குச் சாப்பிடு. அப்பா அனுப்பிய கணக்கையெல்லாம் அடித்துவிட்டு ஊருக்கு டிக்கெட் போடு.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா
வெள்ளையம்மாள்