பதினான்கு பேர் காத்திருக்கிறார்கள்

14 ஜூலை 2025, திங்கள்

லாப்பில் இன்று நல்ல கூட்டம். நரம்பே தெரியாத ஒரு பெரியவருக்கு ஒரே குத்தில் இரத்தம் எடுத்துவிட்டேன். அந்தப் பெருமையோடு தேநீரைக் கையில் எடுத்தால் போன் கிணுங்குகிறது.

"மிரியம், உங்களுக்காகப் பதினான்கு வரன்கள் காத்திருக்கிறார்கள்!"

காத்திருக்கட்டும். எனக்கு நிச்சயமாகி ஐந்து கிழமை, ஒரு மாதம் தாண்டிவிட்டது. ஆகஸ்ட் முப்பதில் கலியாணம்.

கனடாவிலிருக்கும் அண்ணை றொகான் மூன்று வருடத்துக்கு முன் என்னைச் சேர்த்துவிட்ட கலியாணச் செயலி இது. அப்போது எனக்கு முப்பத்தைந்து. யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை என்று நான் சமாதானமாகி இருந்தேன். அண்ணைதான் ஆகவில்லை.

கடைசியில் ஜெபசீலனை எனக்குத் தந்தது செயலி இல்லை, ஒரு மரக்கறி றோல்ஸ். வெறும் வயிற்றோடு இரத்தத்தில் சீனி பார்க்க வரச் சொன்னால், மனிதர் மருதனார்மடம் சந்தியில் றோல்ஸ் தின்றுவிட்டு வந்து நிற்கிறார். வாயோரம் தூள். திருப்பி அனுப்பினேன். அடுத்த நாள் பால்தேநீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடி திருப்பினேன். அதற்கடுத்த நாள் ஒழுங்காக வந்தார், ஆனால் இரத்தம் எடுத்து முடிந்தும் போகவில்லை. உரும்பிராயில் பிரிட்ஜ் திருத்தும் கடை வைத்திருக்கிறாராம், லாப் பிரிட்ஜில் ஏதோ சத்தம் கேட்கிறதாம். பிரிட்ஜில் ஒரு சத்தமும் இல்லை.

சரி, செயலியை இன்றே மூடிவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை.

15 ஜூலை

ஐந்து நிமிட வேலை இல்லை.

17 ஜூலை, வியாழன்

மூடும் இடத்தைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் போய்விட்டது. கண்டுபிடித்து அழுத்தினால் ஒரு பெண் அழுகிற படம் வருகிறது. "எங்களைத் தனியே விட்டுப் போகிறீர்களா?" கீழே பெரிய சிவப்புப் பொத்தான்: "போகவில்லை." அதற்குக் கீழே, சாம்பல் நிறத்தில், எறும்பு எழுதியதுபோல்: "போகிறேன்." எறும்பை அழுத்தினேன். தாரிகா வந்துவிட்டாள்.

தாரிகா மனுசி இல்லை, இயந்திரம். அவளிடம் "கணக்கை மூட வேண்டும்" என்று எழுதினேன். "மிக்க மகிழ்ச்சி! எந்த நாட்டு மணமகன் வேண்டும்?" என்று கேட்டாள். "எனக்கு மணமகன் இருக்கிறார்." "அருமை! அவருடைய தொழில் என்ன? அதே தொழிலில் இருபத்தொரு பேர் இருக்கிறார்கள்."

போனைக் கவிழ்த்து வைத்தேன்.

20 ஜூலை, ஞாயிறு

படத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். ஒரு படமாவது கட்டாயமாம். எங்கள் வீட்டுச் சேவலின் படத்தைப் போட்டேன். "முகம் தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னைப் பற்றிய பந்தியில் "நிச்சயமாகிவிட்டது, யாரும் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று எழுதினேன். எதிர்மறையான சொற்கள் என்று அதையும் நீக்கிவிட்டார்கள்.

அண்ணையிடம் போனில் கேட்டேன், அவருடைய கார்டிலிருந்துதானே காசு போகிறது என்று. "அது இன்னும் கழியுதோ? எனக்குத் தெரியாது பிள்ளை" என்கிறார். கார்டை நிறுத்தச் சொன்னேன். அதில்தான் வீட்டு வாடகையிலிருந்து பிள்ளையின் நீச்சல் வகுப்புவரை எல்லாம் போகிறதாம்.

23 ஜூலை

வாடிக்கையாளர் சேவை. அரை மணித்தியாலம் வீணை இசை. பிறகு லோஜன் என்று ஒருவர் வந்தார். தேன் ஒழுகுகிற குரல்.

"உங்கடை மனநிலை எங்களுக்கு நல்லா விளங்குது, மேடம்."

"விளங்கினா மூடிவிடுங்கோவன்."

"மூடலாம் மேடம். ஆனா இப்பதான் உங்களுக்கு நோர்வேயிலை இருந்து ஒரு நல்ல இடம்—"

"தம்பி, எனக்கு அடுத்த மாதம் கலியாணம்!"

"வாழ்த்துகள் மேடம். அப்ப ஒரு மாதம் இருக்குதுதானே."

ஜெபசீலனுக்குச் சொன்னேன். கடை வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நோர்வே குளிர். அங்கை பிரிட்ஜ் திருத்திற ஆளுக்கு வேலையில்லை. யோசிச்சுச் செய்யும்."

27 ஜூலை, ஞாயிறு

ஜெபசீலனின் அம்மா தேவமலர் அன்ரி கலியாணக் கேக் விசயம் கதைக்க வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரும்போதே என் முதுகும் நிமிர்ந்துவிடும். என்னை "நீங்கள்" என்றுதான் சொல்வார், மரியாதையாலா தூரத்தாலா என்று இன்னும் பிடிபடவில்லை.

கேக்குக்கு நடுவே போன் கிணுங்கியது. மறுபடி கிணுங்கியது.

"உங்களுக்கு ஆரோ அவசரமா எடுக்கினம் போலை" என்றார்.

"லாப்பிலை இருந்து, அன்ரி."

ஞாயிற்றுக்கிழமை லாப் பூட்டு என்று அவருக்குத் தெரியாதா என்ன? கேக்குக்கு எத்தனை முட்டை என்று கேட்டார். அதுதான் பயம்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் எங்கள் இருவர் பெயரையும் கோயிலில் வாசிக்க வேண்டும். இன்று முதலாவது. "இவர்களுடைய விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கவும்" என்று போதகர் சொல்ல, சபையில் ஒரு இருமல்கூட இல்லை. எத்தனையோ பிள்ளைகளின் பெயர் வாசிக்க அதே மர வாங்கில் இருந்து கேட்டிருக்கிறேன். இன்று என் பெயர். காது சூடாகிவிட்டது. சந்தோசமாக இருந்தது, அதை எழுத என்ன வெட்கம்?

6 ஆகஸ்ட்

வழி கண்டுபிடித்தேன்! அதாவது, வழி பூட்டியிருப்பதைக் கண்டுபிடித்தேன்.

விலகக் காரணம் கேட்டு ஒரு பட்டியல் தருகிறார்கள். எதைத் தொட்டாலும் தாரிகாவிடம் கொண்டுபோய் விடுகிறது. "இந்தச் செயலி மூலம் துணை கிடைத்தது" என்பதைத் தொட்டால் மட்டும் தாரிகா இல்லை, அழுகிற பெண் இல்லை, நேரே கதவு. ஆனால் கதவில் ஒரு கேள்வி: துணையின் உறுப்பினர் இலக்கம்?

ஜெபசீலன் உறுப்பினரே இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பொய்யை நான் அழுத்தமாட்டேன். றோல்ஸ் செய்த வேலைக்கு இவர்கள் பெயர் எடுப்பதா?

10 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாம் அறிவித்தல் நல்லபடியாகத்தான் முடிந்தது. தேநீர் நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

ஏர்னெஸ்ட் அங்கிள், எங்கள் கோயில் பொருளாளர், லண்டனிலுள்ள பெறாமகனுக்குப் பெண் தேடுகிறார். அதே செயலியில். தேநீர்க் கோப்பையோடு நேரே தேவமலர் அன்ரியிடம் போனார்.

"இஞ்சை பாருங்கோ ரீச்சர். கோயில்லை பெயர் வாசிக்கிற பிள்ளை, இண்டைக்குக் காலமையும் மாப்பிள்ளை தேடுது."

என் படம். பக்கத்தில் பச்சைப் புள்ளி. "ஆர்வமாகத் தேடுகிறார். இன்று வந்திருந்தார்."

வந்தேன்தான்! மூட வந்தேன்! ஒவ்வொரு நாளும் மூட வரவர, பிள்ளை மிக ஆர்வமாக இருக்கிறது என்று என்னைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

அன்ரி போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குடையை விரித்துக்கொண்டு, தேநீரைத் தொடாமலே போய்விட்டார்.

11 ஆகஸ்ட்

நான் என்ன பிழை செய்தனான்? சொல்லுங்கோவன் ஆராவது.

ஜெபசீலன் பின்னேரம் வந்தார். மூன்றாவது அறிவித்தலைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்கிறாராம் அம்மா. ஏன் என்று கேட்டால் குசினிக்குள் போய்விடுகிறாராம். "நான் தள்ளிப்போட மாட்டன், மிரியம்" என்றார். முகத்தைப் பார்த்தேன். தாய் வராத கலியாணத்தில் இந்த மனிதர் சிரித்துக்கொண்டுதான் நிற்பார், சிரித்தே தன் கவலையைக் காட்டிக்கொடுத்தும் விடுவார்.

அவர் பயத்தில் ஒரு தரம் நோர்வேயைப் பற்றிப் பகிடி விட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவர் வேணும். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வயதில் வந்த ஒன்றை ஒரு பச்சைப் புள்ளி கொண்டுபோவதா?

12 ஆகஸ்ட்

லோஜனுக்கு எடுத்துக் கத்தினேன். "உங்கள் கருத்து எங்களுக்குப் பெறுமதியானது" என்றார்.

13 ஆகஸ்ட், புதன்

எழுதாமல் படுக்க முடியாது.

காலையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இலக்கத் துண்டை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தது தேவமலர் அன்ரி. இரத்தம் எடுக்கும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஞ்சை இரண்டு தரம் எடுத்தேன், இரண்டு தரம் வைத்தேன்.

"சீனி பாக்கவோ, அன்ரி?"

"என்ரை சீனிக்கு ஒண்டுமில்லை. திரையை இழுத்துவிடுங்கோ."

இழுத்துவிட்டேன். கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தட்டில் வைத்தார். பஞ்சுக்கும் ஊசிக்கும் நடுவே ஜெபசீலன் கோட் போட்டுக்கொண்டு சிரிக்கிறார். பச்சைப் புள்ளி. "ஆர்வமாகத் தேடுகிறார்."

"நான்தான் போட்டனான். அவனுக்குத் தெரியாது. உங்களைப் பற்றி அவன் சொன்ன நாள் துவக்கம் மூடப் பாக்கிறன், விடுதில்லை."

குனிந்து அந்தப் பச்சைப் புள்ளியை இன்னொரு தரம் பார்த்தேன்.

"ஏர்னெஸ்ட் ஆம்பிளையளின்ரை பக்கம் பாக்கேல்லை, அதாலை தப்பினன். நாளைக்கு ஆரும் கண்டா? எத்தினை பிள்ளையளுக்கு ஒழுக்கம் படிப்பிச்சனான்! நிச்சயம் பண்ணின மகனுக்கு ரீச்சர் இன்னும் பொம்பிளை தேடுறா எண்டு ஊர் கதைச்சா? இதை மூடும் மட்டும் தள்ளிப்போடுவம் எண்டு நினைச்சன். உங்களிலை கோவமில்லை."

"உங்களுக்கும் தாரிகாவோ, அன்ரி?"

"அவள்தான்! ஒரு கேள்விக்கு நேரா ஒரு பதில் சொல்லத் தெரியாது. என்ரை வகுப்பெண்டா வெளியிலை விட்டிருப்பன்."

அப்போதுதான் பொறி தட்டியது. துணையின் உறுப்பினர் இலக்கம்! ஜெபசீலனுக்கு இலக்கம் இருக்கிறது. என் போனை எடுத்தேன், அன்ரி ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல அடித்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரையில் ஒரு வரி வந்தது.

"குறிப்பு: இந்த உறுப்பினர் 2023 மே மாதத்தில் உங்களை 'விருப்பமில்லை' என்று குறித்துள்ளார். தொடரவா?"

அன்ரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இன்னொருமுறை வாசித்தார்.

"இதை ஆர் அமத்தினது?"

"கணக்கு உங்களிட்டைத்தானே இருந்தது."

வெளியே யாரோ தும்மினார்கள். அன்ரி என் படத்தை உற்றுப் பார்த்தார். லாப் அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைத்தான் அண்ணை போட்டிருந்தார்.

"இதிலை நீங்கள் சண்டைக்கு நிக்கிற மாதிரி எல்லோ இருக்கு" என்றார் மெதுவாக.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பார்த்தால் அன்ரியின் தோளும் குலுங்குகிறது. அவர் சிரித்து நான் கண்டதே இல்லை. "உள்ளுக்கை என்ன நடக்குது?" என்று வெளியே ஒரு குரல். "நரம்பு கிடைக்கேல்லை!" என்று அன்ரியே பதில் சொன்னார்.

பிறகு ரீச்சர் திரும்பி வந்துவிட்டார். "இதாலை துணை கிடைச்சதெண்டு அமத்தினா அது பொய்யெல்லோ?"

றோல்ஸை நினைத்தேன். எனக்கும் மனசு வரவில்லைதான். "நீங்கள் என்னை முதல் முதல் கண்டது இதிலைதானே, அன்ரி. கண்டு தள்ளினது வேறை கதை."

கொஞ்சம் யோசித்தார். "ஓம். அதுவும் உண்மைதான்."

அவர் போனில் அவரும், என் போனில் நானும் அழுத்தினோம். இரண்டிலும் பூ மழை. எழுபத்திரண்டு மணித்தியாலத்தில் மூடப்படுமாம்.

"ஞாயிறு மூண்டாவது அறிவித்தல் இருக்கு. நேரத்துக்கு வாரும், பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வேம்பின் கீழ் நின்று, ஒற்றை விரலால் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். ஓட்டோவுக்கு என்று நினைத்தேன்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

"தடை ஏதும் அறிந்தவர்கள்—" என்று போதகர் தொடங்கியதும் தேவமலர் அன்ரி இருந்த இடத்திலேயே திரும்பி, ஏர்னெஸ்ட் அங்கிளை ஒரு பார்வை பார்த்தார். அங்கிள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகத் திறந்தார்.

கணக்கு மூடிவிட்டது. நானே நம்பாமல் மூன்று தரம் பார்த்தேன்.

30 ஆகஸ்ட்

நேரமில்லை. விருந்தில் மரக்கறி றோல்ஸ் இருந்தது. அவர் ஐந்து சாப்பிட்டார். இன்று நான் ஒன்றும் சொல்லவில்லை.

28 செப்டெம்பர், ஞாயிறு

கோயில் முடிந்து உடுவிலில் மாமி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. தேவமலர் அன்ரி இப்போது மாமியாகிவிட்டார். ஜெபசீலன் மாமியின் பிரிட்ஜைக் கழற்றிப்போட்டு, எந்த ஆணி எதற்கு என்று தேடிக்கொண்டிருந்தார். நான் விறாந்தையில் இருந்து மின்னஞ்சல் பெட்டியைக் கூட்டித் துடைத்தேன். செயலிக்காரர்கள் இன்னும் விடவில்லை. "உங்களை இழந்து வாடுகிறோம்." "திரும்பி வந்தால் பாதி விலை." ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே கீழே போனேன்.

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதியில் ஒன்று. நாங்கள் இருவரும் மூடிய அன்று, அதற்குக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு வந்தது. அவர்களுடைய மற்றக் குப்பையோடு குப்பையாக நான் திறக்காமல் விட்டது.

"நற்செய்தி! முன்பு உங்களை 'விருப்பமில்லை' என்று குறித்த ஜெபசீலன் குடும்பத்தினர், இப்போது 'விருப்பம்' தெரிவித்துள்ளார்கள். கணக்கை நடத்துபவர்: தாயார். உங்கள் பதில்?"

வேம்பின் கீழ் நின்று தட்டியது ஓட்டோவுக்கு இல்லை.

கண் கலங்கிவிட்டது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். "மன்னிக்கவும், இந்தக் கணக்கு மூடப்பட்டுள்ளது" என்றது. இதற்கு மட்டும் உடனே பதில் சொல்லத் தெரிகிறது.

எழுந்து குசினிக்குப் போனேன். மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"மாமி, ஓம்."

"என்ன ஓம்?"

போனைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமலே என்னவென்று அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பவும் துருவத் தொடங்கினார், கொஞ்சம் வேகமாக.

"ஒண்டரை மாதத்துக்குப் பிறகோ பதில் சொல்லுறது?" என்றார், என்னைப் பார்க்காமலே. "உம்மடை சேவை சரியில்லை, பிள்ளை."