பொறந்தவன் சீரும் சேர்த்து

பீளமேடு,
5.8.2024

அண்ணனுக்கு லோகப்பிரியா எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் பதிவுத் தபால்.

ஆடிப் பதினெட்டு நோம்பியன்று ஒருவர் தாம்பாளத்தோடு வாசலில் நின்றார். பெயர் சென்னகேசவனாம், மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரமாம். நீங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த என் பாக்குத் தோப்பை அவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டீர்கள் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஏனுங்க அம்மணி, நோம்பிக்குச் சீர் வெக்கோணும்னு ஒப்பந்தத்துல இருக்குதுங்க. எங்க வெக்கட்டுங்க?" என்றார். என் மகள் மதிவதனியின் வருங்கால மாமியார் உள்ளே உட்கார்ந்திருந்தார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

குத்தகைப் பத்திரம் எழுதும்போது, நோம்பிக்கு நோம்பி அண்ணன் முறைக்குப் பொறந்தவன் சீர் வரும் என்று நீங்கள்தான் ஆசையாக ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள். அந்த வரியையுமா கைமாற்றுவீர்கள்?

லோகப்பிரியா

ஈரோடு,
12.8.2024

லோகு கண்ணுக்கு அண்ணன் தனபால் எழுதுவது. நீ கேட்காவிட்டாலும் இங்கே எல்லோரும் நலம்.

ஜவுளிக் கடை வைத்த பிறகு தோப்புக்கு ஓடிவர என்னால் முடியவில்லை. பத்திரத்தில் உள்ள உரிமை, கடமை எல்லாவற்றையும் அப்படியே அவருக்கு மாற்றினேன். ஒரு வரியை விட்டிருந்தால் அதற்கும் நீ குறை சொல்லியிருப்பாய். நல்ல சேலைதானே வந்தது? அப்பா தோப்பை உன் பேருக்கு எழுதியபோது நான் வாய் திறந்தேனா?

இத்துடன் சம்மதக் கடிதம் வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால்தான் என் பொறுப்பு தீரும் என்கிறார் வக்கீல். உடனே அனுப்பு. தை மாதம் கல்யாணத்தில் மதிவதனி நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வந்துவிடுவேன், கவலைப்படாதே.

தனபால்

பீளமேடு,
20.8.2024

அண்ணனுக்கு,

உரிமையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். கடமையைத் தள்ளிவிட என் சம்மதம் வேண்டும். அதை நான் சும்மா தரமாட்டேன்.

ஒரு நாள் நேரில் வாருங்கள். வெறும் பூவும் தேங்காயும் போதும், உங்கள் கையால் வையுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அழுகையாக வருகிறது அண்ணா, அதையும் எழுதிவிடுகிறேன்.

லோகு

ஈரோடு,
2.9.2024

லோகுவுக்கு,

தீபாவளிச் சரக்கு வந்து இறங்குகிறது, கடையை விட்டு அசைய முடியாது. உன் பிடிவாதத்துக்காக இன்னொரு தட்டுச் சீர் வைத்துவிடும்படி சென்னகேசவனிடம் சொல்லிவிட்டேன். செலவு என்னுடையது. இனிமேலாவது கையெழுத்தைப் போடு.

தனபால்

பீளமேடு,
9.9.2024

திரு. தனபால் அவர்களுக்கு,

சென்னகேசவன் வந்தார். வாசலிலேயே நின்று, "எனக்கே சங்கட்டமா இருக்குதுங்க அம்மணி" என்றார். உள்ளே கூப்பிட்டு, அவர் மனைவியையும் வரவழைத்து, சாப்பாடு போட்டுச் சீரை வாங்கிக்கொண்டேன்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். உங்கள் கடமைகள் அனைத்தும் அவரைச் சேரும் என்றுதான் அதில் இருக்கிறது. மதிவதனிக்குப் பட்டம் கட்டுவதையும் அவரிடமே கேட்டேன். முதலில் தயங்கினார், மனைவியைப் பார்த்தார், பிறகு சரி என்றார். அழைப்பிதழில் தாய்மாமன் என்ற இடத்தில் அவர் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு நீங்கள் வரலாம். பந்தியில் இடம் இருக்கும்.

லோகப்பிரியா