எரியப்போகும் அச்சு

அன்பு அண்ணா,

நாளை எனக்குத் திருமணம். நம் தனக்ரா ஊர் வழக்கப்படி, நான் போகும் வண்டியின் அச்சை மாப்பிள்ளை வீட்டு வாசலில் எரித்துவிடுவார்கள். நான் திரும்பி வரக்கூடாதாம்.

"அச்சில்லன்னா அது வண்டியாம்மா?" என்று கேட்டேன்.

"விறகுடி! ஏதென்ஸ்ல படிக்கிறது உன் அண்ணனா, நீயா?" என்று அம்மா சிரித்தாள்.

எல்லாம் மாறினாலும் மாறாமல் நிற்பதே ஒன்றின் சாரம் என்று உன் ஆசிரியர் சொல்வதாக எழுதியிருந்தாய். நிச்சயமானதும் என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். எனக்கு வாதிடத் தெரியாது. ஆனால் கனவில், அச்சில்லாத அந்த வண்டி பார்லி வயலின்மேல் மூடுபனிபோல் மிதந்து நம் வாசலுக்கு வந்தது. மணமகளின் முக்காட்டோடு இறங்கினேன். நம் நாய் குரைக்கவில்லை.

என்னில் மாறாதது எது என்று உன் ஆசிரியரிடம் கேட்டு எழுது. பதிலை அந்த வீட்டுக்கு அனுப்பாதே, அம்மாவிடம் அனுப்பு. நான் நடந்தே வந்து வாங்கிக்கொள்வேன்.

என்றும்
உன் தங்கை